மாவு எழும்பாத நாட்கள்

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். அந்த ரொட்டிக்கடையில் சொல்லைக் கொட்டியவள் பெரியவள்.

அன்று காலை மாவுத் தொட்டியின் மேலிருந்த ஈரத்துணியை விலக்கிப் பார்த்தவளுக்குப் பகீரென்றது. இந்நேரம் துணியை முட்டிக்கொண்டு பொங்கி நிற்க வேண்டிய மாவு, பிசைந்து வைத்த இடத்தில் பிசைந்து வைத்தபடியே கிடந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. விழுந்த குழி மேலே வரவில்லை. அந்த வாரத்தில் இது இரண்டாவது தடவை.

"என்னமோ தெரியலை, இந்தப் பொண்ணு வந்து கை வைக்கிற அன்னைக்கெல்லாம் இப்படியே ஆகுது. கைராசி இல்லையோ என்னவோ."

தனக்குள் நினைப்பதை வாய்விட்டுச் சொல்லிவிடுவது பெரியவளுக்குப் பிறவிக் குணம். அடுப்புக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்த அவள் புருஷன் திரும்பிப் பார்த்தார். ரொட்டி டின்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்த அவள் கொழுந்தன் மனைவி சின்னவளின் கை அப்படியே நின்றது. பிறகு ஒன்றுமே காதில் விழாதவள்போல அடுத்த டின்னை எடுத்துத் தடவ ஆரம்பித்தாள்.

பெரியவளின் புருஷனைத் தெருவே மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். பேச்சு குறைந்த மனிதர். பேச வேண்டியதையெல்லாம் மாவிடம் பேசித் தீர்த்துவிடுகிறார் என்று பெரியவள் கேலி செய்வாள். விடியலில் எழுந்து தொட்டியில் மாவைக் கொட்டி, ஈஸ்ட்டையும் சர்க்கரையையும் தண்ணீரில் கரைத்து ஊற்றி, முழங்கை வரை மாவாக நின்று பிசைவார். மாவு இளகி, பிறகு இறுகி, பிறகு தோல் மாதிரி வழவழப்பாகிக் கையைவிட்டுப் பிரியும். சின்னவள் வருகிற நாளில் அந்த நேரம் பார்த்து அவள் ஒரு பக்கம், பெரியவள் ஒரு பக்கம் நின்று கைகொடுப்பார்கள். மூன்று பேர் மூச்சும் ஒன்றாகக் கேட்கும். பிறகு துணியைப் போர்த்திவிட்டுக் காத்திருப்பதுதான். ரொட்டித் தொழிலில் பாதி வேலை காத்திருப்பு.

மாஸ்டரின் தம்பி வண்டியில் கடைகடையாகச் சரக்குப் போடுபவன். சின்னவள் அவன் மனைவி. வாழ வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. கல்லூரியில் புள்ளியியல் படித்தவள். "எண்ணிக்கிட்டே இருக்கிற படிப்பா? அதுக்கு எதுக்குக் காலேஜு, எங்க கல்லாவுல உக்காந்தா போதாதா?" என்று பெரியவள் கேட்டு இருவரும் சிரித்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் அப்படி ஒட்டிப்போயிருந்தது. தங்கச்சி இல்லாத குறை தீர்ந்தது என்று பெரியவள் பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னதும் உண்டு.

கடை ஒரு தெருவில், வீடு இரண்டு தெரு தள்ளி. வீட்டு வேலை சின்னவள் பொறுப்பு. வீட்டுக் குழாயில் தண்ணீர் வராத நாட்களில் குடத்தைத் தூக்கிக்கொண்டு தூரத்துக் கைப்பம்புக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும், திரும்புவதற்குள் வெயில் ஏறிவிடும். வேலை சீக்கிரம் ஒழிந்த நாட்களில் கொண்டையை முடிந்துகொண்டு கடைக்கு ஓடிவருவாள். வா என்று யாரும் கூப்பிட்டதில்லை. மாவு வாசனை பிடித்துப்போய் வந்தாள்.

இந்தக் காலத்திலும் கையால் பிசைகிற கடை அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான். அதற்கு ஒரு காரணம் உண்டு. மாஸ்டரின் அப்பா இருந்தபோது, மாவு பிசைய மிஷின் வாங்கலாம் என்று மகன் சொல்ல, கூடாது என்று அப்பா சொல்ல, பேச்சு முற்றி மாஸ்டர் சத்தம் போட்டுவிட்டார். அப்பா எதிரில் அவர் குரல் உயர்ந்தது அந்த ஒருநாள்தான். அன்று மத்தியானமே பெரியவர் அடுப்படியில் சாய்ந்தார், எழுந்திருக்கவில்லை. நான் சத்தம் போட்டேன், அப்பா போய்விட்டார் என்று மாஸ்டர் மனசுக்குள் எழுதிக்கொண்டார். அதன்பிறகு மிஷின் பேச்சை எடுக்கவே இல்லை. அப்பா போட்ட சட்டங்களில் ஒன்றையும் மாற்றவில்லை. மாவைக் கையால்தான் பிசைய வேண்டும். உப்பைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். தேங்கின தண்ணீரில் பிசையக் கூடாது. குழாயில் வரும் நாளில் புதுத் தண்ணீர் பிடித்துத்தான் பிசைய வேண்டும், தண்ணீர் வராத நாளில் மட்டும் வேறு வழியில்லாமல் டிரம்மில் இருப்பதைத் தொடலாம்.

கையால் பிசைகிற கடையில் கைராசி என்று ஒரு பேச்சு கிளம்பினால் அது சும்மா போகுமா?

எதிர்ச்சாரி டீக்கடைக்காரர் ஒருநாள் பன் ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் தட்டிக் காட்டினார். டொக்கென்று சத்தம் கேட்டது. "மாஸ்டர், இதை டீயில நனைச்சா கிளாஸ்தான் உடையுது. வீடு கட்டுறவன் யாராவது இருந்தா சொல்லுங்க, கைமாத்தி விட்டுடறேன்." எல்லாரும் சிரித்தார்கள். மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. டீக்கடைக்காரர் போகும்போது குரலைத் தாழ்த்தி, "அந்தப் பொண்ணு வர்ற அன்னைக்குத்தான் இப்படின்னு பேசிக்கிறாங்களே" என்றார். பெரியவள் காதிலும் அது விழுந்தது. அவள் அடுப்படியில் சிந்திய சொல் தெருவைத் தாண்டிப் போயிருந்தது.

உண்மையா பொய்யா என்று பார்த்துவிடுவோம் என்று மாவு அறைக் கதவில் சாக்பீஸால் குறித்துவைக்க ஆரம்பித்தாள். சின்னவள் வந்த நாள் ஒரு பக்கம், வராத நாள் ஒரு பக்கம். மாவு எழும்பினால் வட்டம், எழும்பாவிட்டால் கோடு. பொய்யாக இருக்க வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டாள், பாவம். கதவு அவள் ஆசையைக் கேட்கவில்லை. வந்த நாள் பக்கம் கோடு கோடாக ஏறியது. வராத நாள் பக்கம் வட்டம் வட்டமாக நிறைந்தது. தவறிப்போய் ஒன்றிரண்டு இடம் மாறியிருந்தன, அவ்வளவுதான். அந்தக் கதவின் முன்னால் நிற்கவே பெரியவளுக்குப் பயமாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத யாரோ பக்கத்தில் நின்று கணக்கு எழுதுவதுபோல உடம்பு சிலிர்த்தது.

கதவைச் சின்னவளும் பார்த்தாள். அழவில்லை, சண்டை போடவில்லை. கடைக்கு வந்தாலும் மாவில் கை வைக்காமல் டின்னோடு நின்றுகொண்டாள். அப்போதும் மாவு எழும்பவில்லை. கையே வேண்டாம், காற்று பட்டாலே போதும்போல என்று பெரியவள் மிரண்டாள். பக்கத்து வீட்டுக்காரி தன் கைக்குழந்தையை நீட்டியபோது, சின்னவள் கை ஈரமாக இருக்கிறது என்று சொல்லி ஒதுங்கியதையும் பார்த்தாள். கை காய்ந்துதான் இருந்தது.

அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது தம்பி தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அண்ணி, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரூம் பார்த்திருக்கேன். மாசக் கடைசியில நாங்க போயிடறோம்."

மாஸ்டரின் கை பாதியில் நின்றது. "எதுக்குடா?"

"எதுக்குன்னு கேக்கறீங்களா அண்ணே? தெருவுல என் பொண்டாட்டியைப் பார்த்து ஒதுங்கறாங்க. கடை உங்களுக்குச் சோறு போடுது, எனக்கும் போடுது. அவ இருந்தா கடை படுத்துடும்னா, நாங்க போறதுதானே முறை?"

"நாங்க போன்னு சொன்னோமா தம்பி?" என்றாள் பெரியவள். சொல்லும்போதே அவள் குரல் அவளுக்கே பொய்யாகக் கேட்டது.

"சொல்லலை. கதவுல எழுதியிருக்கீங்க."

பெரியவள் குழம்புக் கரண்டியை வைத்துவிட்டுச் சின்னவளைப் பார்த்தாள். "நீ சொல்லேன்டி. காலேஜுல படிச்சவதானே? காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதைன்னு சொல்லேன்."

"சொல்லலாம்க்கா," என்றாள் சின்னவள். "ஒரு தரம் விழுந்தா அப்படிச் சொல்லலாம். காக்கா உக்காரும்போதெல்லாம் விழுந்தா எப்படிச் சொல்றது?"

அவள் தட்டிலிருந்த சோற்றை விரலால் ஒதுக்கினாள்.

"படிச்சப்ப நல்லா எழுதினேன்க்கா. ரெண்டு விஷயம் சேர்ந்து வந்தா ஒண்ணாலதான் இன்னொண்ணு வருதுன்னு அர்த்தம் இல்லைன்னு பக்கம் பக்கமா எழுதி மார்க்கு வாங்கினேன். என் தலையில வந்து விழுந்தப்போ அத்தனையும் மறந்துபோச்சு. பதினஞ்சு நாளா என் கையை நானே பார்த்துக்கிட்டு இருக்கேன். ராத்திரி தூக்கத்துல இவர் மேல கை பட்டா எடுத்துடறேன்."

தம்பி தலையைத் திருப்பிக்கொண்டான்.

"அப்ப நீயே நம்பறியா?" என்று மாஸ்டர் கேட்டார். அவர் அவளிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"எனக்குத் தெரியலை மாமா. அதான் உண்மை. நான் வர்றதும் மாவு படுக்கறதும் சேர்ந்துதான் வருது, கதவு பொய் சொல்லலை. ஆனா காக்காவையும் பழத்தையும் ஒரே காத்து ஆட்டிவிடலாம் இல்லையா? காத்து வர்றப்போ காக்கா வந்து உக்காருது, அதே காத்துல பழமும் விழுது. பார்க்கறவங்களுக்குக் காத்து தெரியாது, காக்காதான் தெரியும்."

"அப்படி என்ன காத்துடி அது?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனாக்கா? நானும் யோசிச்சு யோசிச்சுப் பார்த்துட்டேன். ஆனா அது என்னன்னு தெரியாமலே அதை வெட்டிவிட ஒரு வழி இருக்கு." அவள் எழுந்து போய், சாமான் வாங்கிய மிச்சத்தில் கிடந்த ஒரு காசை எடுத்துவந்து பெரியவள் முன்னால் வைத்தாள். "நான் கடைக்கு வர்றதா வேண்டாமான்னு இனிமே நான் முடிவு பண்ணலை. நீங்களும் பண்ண வேண்டாம். தினம் காலையில நீங்க சுண்டுங்க. பூ விழுந்தா நான் வந்து மாவு பிசையறேன். தலை விழுந்தா வீட்டை விட்டு அசைய மாட்டேன்."

"விளையாடறியா?" என்றார் மாஸ்டர். "பொழைப்பைப் பூவா தலையான்னு பார்க்கறதா?"

"இந்தக் காசுக்கு நான் யாருன்னு தெரியாது மாமா. நான் அதுக்கு வேண்டியவளும் இல்லை, வேண்டாதவளும் இல்லை. மழையோ வெயிலோ, நல்ல மாவோ கெட்ட மாவோ, எது எப்படி இருந்தாலும் அது பாட்டுக்கு விழும். எந்தக் காத்துக்கும் அது ஆடாது. அது கூப்பிட்ட நாள்லயும் இதே மாதிரி ரொட்டி கெட்டுக்கிட்டே இருந்தா, அப்புறம் காக்காதான் பழத்தைத் தள்ளுது. என் கைதான்னு நானே ஒத்துக்கறேன். பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போயிடறேன். ஆனா ரெண்டு நாள் பார்த்துட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. சும்மாவே நாலு பூ வரிசையா விழும். மாசக் கடைசி வரைக்கும் பார்க்கணும்."

ஒன்றும் தெரியாத ஒரு காசைக் கூப்பிட்டுத் தெரியாததைக் கேட்பதா? கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோப்பதுபோல் இருந்தது பெரியவளுக்கு. ஆனாலும் சின்னவள் குரலில் இருந்த உறுதி அவள் வாயை அடைத்தது. போகிறவள் முகம் இல்லை அது. தன்னையே தராசில் தூக்கிவைக்கிறவள் முகம்.

மறுநாளிலிருந்து வீட்டு வாசலில் காசு ஏறி இறங்கியது. பூ விழுந்த நாளில் தண்ணீர் வராவிட்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு கைப்பம்புக்குப் போகும் வேலை தம்பி தலையில் விழுந்தது. பெண்கள் வரிசையில் ஒற்றை ஆணாக நின்று கேலி வாங்கிக்கொண்டு வருவான். "கல்யாணம் பண்ணப்போகூட இத்தனை பேர் என்னைப் பார்க்கலை அண்ணி" என்பான்.

முதல் நாள் பூ. சின்னவள் வந்தாள், பிசைந்தாள். மாவு துணியைத் தள்ளிக்கொண்டு எழுந்தது. ஏதோ ஒரு நாள் என்று பெரியவள் நினைத்தாள். அடுத்து வந்த பூவில் மாவு படுத்தது. பார்த்தாயா என்றது மனசு. அதற்கடுத்து தலை, சின்னவள் கடைப்பக்கமே வரவில்லை, அன்றும் மாவு படுத்தது. பெரியவள் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் கோடு போடுவது என்று ஒரு கணம் தடுமாறினாள். வராத நாள் பக்கம் கோடு போட்டுப் பழக்கமே இல்லை.

இப்படி நாட்கள் போகப்போக, கதவில் நடந்ததை அவளால் நம்ப முடியவில்லை. ஒரே பக்கம் அணிவகுத்து நின்ற கோடுகள் கலைந்துபோயின. இந்தப் பக்கமும் வட்டமும் கோடும், அந்தப் பக்கமும் வட்டமும் கோடும். அதே மாவு, அதே மாஸ்டர், அதே அடுப்பு, அதே சின்னவள். நடுவில் ஒரு காசு வந்து நின்றது, அத்தனை நாள் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு விஷயம் கழன்று விழுந்தது. மந்திரம் தெரிந்தவன்கூட இப்படிச் செய்திருக்க மாட்டான் என்று பெரியவள் வாய்விட்டே சொன்னாள். ஒன்றும் தெரியாததால்தான் அந்தக் காசால் அது முடிந்தது என்று நினைக்க நினைக்க அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஆனாலும் பயம் போய்விடுமா? ஆஸ்பத்திரி கேன்டீனிலிருந்து பெரிய ஆர்டர் வந்த அன்று அது தெரிந்தது. ரொட்டி சரியாக இருந்தால் இனி தினமும் எடுத்துக்கொள்வதாகக் கேன்டீன்காரர் சொல்லியிருந்தார். காலையில் பெரியவள் காசைச் சுண்டிப் பிடித்து, உள்ளங்கையை மெல்லத் திறந்து பார்த்தாள். பூ.

யாரும் பார்க்கவில்லை. சின்னவள் உள்ளே இருந்தாள். கட்டைவிரலால் ஒரு புரட்டுப் புரட்டினால் தலை. இன்று ஒருநாள் மட்டும்தானே என்றது மனசு. விரல் காசின் ஓரத்தைத் தொட்டும்விட்டது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: நான் புரட்டினால் இது ஒன்றும் தெரியாத காசு இல்லை, என் பயம் தெரிந்த காசு. பிறகு இது சொல்கிற எதையும் நம்ப முடியாது. "பூ விழுந்திருக்குடி, கிளம்பு" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும்.

கடையில் மாஸ்டர் முகம் சுண்டிப்போயிற்று. "இன்னைக்கு வேண்டாமே."

"காசு சொன்னது சொன்னதுதாங்க."

சின்னவள் முழங்கை வரை மாவில் இறங்கினாள். துணியைப் போர்த்தினார்கள். அந்தக் காத்திருப்பு மூன்று பேருக்கும் மறக்காது. மாஸ்டர் அடுக்கிய விறகையே மறுபடி அடுக்கினார். பெரியவள் கல்லாவைத் துடைத்தாள், துடைத்த கல்லாவையே துடைத்தாள். ஈரத்துணி முதலில் நடுவில் லேசாகப் புடைத்தது. பிறகு மெல்ல மெல்ல, தூங்குகிறவன் மார்புபோல ஏறியது. தொட்டியின் விளிம்பைத் தாண்டிக்கொண்டு மாவு எழுந்து நின்றபோது பெரியவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். எத்தனையோ வருஷமாகத் தினம் பார்க்கிற காட்சி. அன்றுதான் முதல்முறை பார்ப்பதுபோல இருந்தது. அடுப்பிலிருந்து வந்த ரொட்டிகள் தவிட்டு நிறத்தில் உப்பி நின்றன. கேன்டீன்காரர் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, நாளையிலிருந்து தினம் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் தலை. சின்னவள் வீட்டில். பெரியவளும் மாஸ்டரும் மட்டும் பிசைந்தார்கள். துணியை விலக்கிப் பார்த்தால், மாவு கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டு மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "அவ வரவும் இல்லை. அப்புறம் ஏன்?"

பெரியவள் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். சின்னவள் வந்ததால் இல்லை. சரி. ஆனால் அந்தப் பழைய கோடுகள் அப்படி ஒரே பக்கம் நின்றது எப்படி? அதுவும் பொய்யில்லையே. காக்காவையும் பழத்தையும் ஆட்டுகிற காற்று என்றாளே.

"ஏங்க," என்றாள் மெதுவாக. "இப்ப அவளைக் காசு அனுப்புது. காசுக்கு முன்னாடி அவளை இங்க அனுப்பிக்கிட்டு இருந்தது எது?"

"வேலை ஒழிஞ்சா வருவா."

"வேலை எப்ப ஒழியும்?"

மாஸ்டர் பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். கடையின் பின்பக்கத்தில், திறந்துவிட்ட குழாயிலிருந்து தண்ணீர் டிரம்மில் விழுகிற சத்தம் சளசளவென்று கேட்டுக்கொண்டிருந்தது. அது விடிந்ததிலிருந்தே கேட்டுக்கொண்டுதான் இருந்தது. தண்ணீர் வந்தால் சந்தோஷம். சந்தோஷத்தை யார் சந்தேகப்படுவார்கள்?

பெரியவள் ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்த்தாள். தண்ணீர் வந்தால் சின்னவள் கைப்பம்புக்குப் போக வேண்டாம், கடைக்கு ஓடிவருவாள். தண்ணீர் வந்தால் மாஸ்டர் டிரம்மைத் தொடாமல் புதுத் தண்ணீரில் பிசைவார். இரண்டு தெருவிலும் ஒரே குழாய், ஒரே தண்ணீர். அவள் குழாயடிக்குப் போய் ஒரு கை அள்ளி மூக்கருகே கொண்டுபோனாள். ஈஸ்ட்டும் விறகுப்புகையும் ஊறின அந்தக் கடைக்குள் இத்தனை நாளாக ஏறாத வாடை, வெட்டவெளியில் மூக்கில் குப்பென்று ஏறியது. ஆஸ்பத்திரித் தரை கழுவுகிற வாடை. போன மழைக்கு ஊரில் வாந்திபேதி வந்ததிலிருந்து தண்ணீரில் மருந்தை அள்ளிக் கொட்டுகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். சின்னவள் இந்த வீட்டுக்கு வாழ வந்ததும் அதே மழைக்காலத்தில்தான்.

கிருமியைக் கொல்கிற மருந்து, மாவை எழுப்புகிற ஈஸ்ட்டை மட்டும் விட்டுவைக்குமா?

செருப்புகூடப் போடாமல் இரண்டு தெருவும் ஓடினாள். மாவுக் கையோடு ஓடுகிறவளைப் பார்த்து டீக்கடைக்காரர், "யாருக்கு என்னாச்சு?" என்று கேட்டதற்கு நிற்கவில்லை. வீட்டில் சின்னவள் நிறைந்த குடங்களுக்கு நடுவில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"காத்து அகப்பட்டுதுடி," என்றாள் பெரியவள் மூச்சு வாங்க. குடத்தைத் தூக்கி அவள் மூக்குக்கு நேரே பிடித்தாள். "காத்து இதோ இருக்கு."

சின்னவள் கொஞ்ச நேரம் குடத்தையே பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் முடியலைக்கா. இதுவும் சேர்ந்து வர்றதுதான். தண்ணிதான்னு இன்னும் தெரியாது. பிசைஞ்சு பார்க்கணும்" என்றாள். தன் கழுத்திலிருந்து கத்தி விலகியபிறகும் அது யார் கழுத்துக்குப் போகிறது என்று சரிபார்க்கிற அந்தக் குணத்தைப் பார்த்துப் பெரியவள் பிரமித்துப்போனாள்.

கடையில் இரண்டு பேசின் எடுத்தார்கள். ஒரே மூட்டை மாவு, ஒரே பொட்டல ஈஸ்ட், இரண்டையும் பிசைந்தது சின்னவள் ஒருத்தியே. ஒன்றில் வீட்டுப் பானையில் சில நாளாகக் கிடந்த பழைய தண்ணீர். இன்னொன்றில் குழாயில் அப்போது பிடித்த புதுத் தண்ணீர். தேங்கின தண்ணீர் என்றதும் மாஸ்டர் முகத்தைச் சுளித்தார். ஆனாலும் தடுக்கவில்லை. அடையாளம் தெரிய ஒன்றின் மேல் சிவப்புத் துணி, ஒன்றின் மேல் வெள்ளைத் துணி.

வெயில் நடுவானுக்கு வந்தபோது சிவப்புத் துணி தொப்பிபோல எழுந்து நின்றது. வெள்ளைத் துணி தட்டையாகக் கிடந்தது. பழைய தண்ணீர் எழும்பியது. புதுத் தண்ணீர் படுத்துவிட்டது.

மாஸ்டர் இரண்டு பேசின்களுக்கும் நடுவில் நின்றார். யார் கெடுத்தது என்று இத்தனை நாள் தேடினார்கள். கெடுத்தது அவர், அப்பா சொன்னதை அச்சுப் பிசகாமல் காப்பாற்றிய அவர் கை.

"தேங்கின தண்ணி ஆகாதுன்னு அப்பா சொல்வாரு," என்றார்.

"அவர் சொன்னது அந்தக் காலத்துத் தண்ணிக்குச் சரியா இருந்திருக்கும் மாமா. அப்ப குழாயில மருந்து இல்லை. இப்ப பிடிச்சு ஒருநாள் வச்சிருந்தா மருந்து தானா போயிடும்."

மாஸ்டர் தலையாட்டினார். ஆட்டிவிட்டு நகரவில்லை. சிவப்புத் துணியின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டே, யார் முகத்தையும் பார்க்காமல் கேட்டார்.

"ஏம்மா, ஒரு விஷயம் ஒரே ஒரு தரம்தான் நடந்துச்சுன்னா? காலையில ஒருத்தன் சத்தம் போட்டான். மத்தியானம் ஒருத்தர் போயிட்டாரு. அதுக்கு என்ன பண்ணிப் பார்க்கறது?"

பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள். அவளிடம்கூட அவர் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. சின்னவளுக்கும் புரிந்துவிட்டது. அவள் ஆறுதலாக எதையாவது சொல்லிவிட்டிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை.

"அதைத் திருப்பிச் செஞ்சு பார்க்க முடியாது மாமா. அதனால நீங்க இல்லைன்னு என்னால சொல்ல முடியாது."

மாஸ்டர் தலை குனிந்தது.

"நீங்கதான்னும் யாராலயும் சொல்ல முடியாது. உங்களாலயும் முடியாது."

அவர் அந்த இடத்திலேயே நின்றார். பிறகு பின்பக்கம் போனார். குழாயடியில் அவர் முகம் கழுவுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

சாயங்காலம் கூட்டம் குறைந்த நேரத்தில் பெரியவள் ஈரத்துணியை எடுத்துக் கதவைத் துடைத்தாள். சின்னவள் மேஜையில் ஒட்டியிருந்த மாவைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சுக்கடி," என்றாள் பெரியவள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? காசு எப்படி வேணும்னாலும் விழும். தண்ணி வர்ற நாள் பார்த்தே பூவும், வராத நாள் பார்த்தே தலையும் விழுந்திருந்தா? அபூர்வம்தான், ஆனா நடக்கும். அப்பவும் கோடெல்லாம் என் பக்கமே நின்னிருக்கும். அப்ப என்ன பண்ணியிருப்பீங்க?"

உன்னை விட்டிருப்பேனா என்று சொல்ல வாய் வந்தது. அன்று காசின் ஓரத்தைத் தொட்ட கட்டைவிரல் பெரியவளுக்கு ஞாபகம் வந்தது. பொய் சொல்ல முடியவில்லை.

"அனுப்பியிருப்பேன்டி."

சின்னவள் சுரண்டுவதை நிறுத்தினாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. பெரியவள் மனசில் இருந்த அதே பயம்தான் அங்கேயும் இருந்தது.

"நானும் போயிருப்பேன்க்கா. என் கைதான்னு நம்பிக்கிட்டே போயிருப்பேன். நாளைக்கு எனக்கு ஒரு பிள்ளை பொறந்தா, அதைத் தூக்கவே யோசிச்சிருப்பேன்."

பெரியவள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். தங்கச்சி என்று சொல்லிக்கொண்ட ஒருத்தியை இந்த ஜன்மத்துக்கும் இழந்திருப்பாள். இழந்துவிட்டு, செய்தது சரி என்று சாகிற வரைக்கும் நினைத்துக்கொண்டிருப்பாள். எத்தனை வீட்டில் எத்தனை பேர் அப்படிப் போயிருப்பார்களோ, சுண்டிப் பார்க்க ஒரு காசுகூட இல்லாமல்.

வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத் தம்பி உள்ளே தலையை நீட்டினான். "ரூம்காரர் கேட்டு ஆள் விட்டாரு. என்ன சொல்லட்டும்?"

பெரியவள் சின்னவளைப் பார்த்தாள். அதைச் சொல்லும் உரிமையைத் தான் எப்போதோ இழந்துவிட்டது அவளுக்குத் தெரிந்திருந்தது. சின்னவள் தன் இரண்டு கையையும் பார்த்தாள், மாவு அப்பின கையாலேயே பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வரலைன்னு சொல்லுங்க," என்றாள். "நாளைக்கு எனக்கு இங்க மாவு பிசையணும்."